தோல் நிறம் என்றால் யாருடைய தோல்?

“ஃபவுண்டேஷன் வாங்கலாமா மேடம், இல்ல டின்டட் மாய்ஸ்சரைசரே போதுமா?” பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வகுப்பு முடிந்து மேசையைச் சுற்றி நிற்கும் மாணவிகள் பாடத்தை மட்டுமா கேட்பார்கள்? அக்கா கல்யாணம் வரும், கேம்பஸ் இன்டர்வியூ வரும், ஆண்டு விழா வரும். கையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய்க்கு எதை வாங்குவது என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி. அதை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. பருத் தழும்பு, மங்கு, வெண்புள்ளி போன்றவற்றை மறைக்க வேண்டுமானால் ஃபவுண்டேஷன். தோல் ஓரளவு சீராக இருந்து, லேசாக நிறம் சமன்பட்டால் போதும் என்றால் டின்டட் மாய்ஸ்சரைசர். விசேஷ வீட்டுக்கு முன்னது, அன்றாடத்துக்குப் பின்னது. இந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் இரண்டு புட்டியிலும் ஒரு நிறம் இருக்கிறதே, அந்த நிறத்தை யாருடைய முகத்தை மனதில் வைத்துக் கலந்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

புட்டிக்குள் இருப்பது

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஃபவுண்டேஷன், டின்டட் மாய்ஸ்சரைசர் இரண்டிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. தண்ணீரும் எண்ணெயோ சிலிக்கோனோ சேர்ந்த ஒரு குழைவு, அதில் கலந்த நிறப்பொடி. பொடிகளில் முக்கியமானவை நான்கு. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்றுக்கும் இரும்பு ஆக்சைடுகள். செம்மண்ணுக்கும் காவிக்கும் நிறம் கொடுப்பதும் இதே இரும்புதான். கடையில் அடுக்கியிருக்கும் அத்தனை ஷேடும் பெரும்பாலும் இந்த நான்கின் விகிதக் கணக்கு.

ஃபவுண்டேஷனில் பொடி அதிகம், அதனால் மறைக்கும். டின்டட் மாய்ஸ்சரைசரில் பொடி குறைவு, கிளிசரின் போன்று ஈரம் காக்கும் பொருள்கள் அதிகம். அதனால் தோல் ஓரளவு வெளியே தெரியும். வித்தியாசம் அவ்வளவே.

நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல் வெள்ளைப் பொடியில் இருக்கிறது. மறைக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. வெளிர் தோலுக்கான ஷேடில் வெள்ளையைக் கூட்டினால் மறைப்பும் கூடும், நிறமும் கெடாது. கறுத்த தோலுக்கான ஷேடில் அதைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்துவிடும். சரி, வெளிர் ஷேடையே எடுத்து அதில் கறுப்புப் பொடியைச் சேர்த்துவிடலாம் என்றால் அதுவும் சாம்பலில்தான் முடியும். கறுத்த தோலுக்கு ஷேடு செய்ய வேண்டுமானால் அடியிலிருந்து தனியாகக் கணக்குப் போட வேண்டும். வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் அளந்து, சில நேரம் நீலப் பொடியும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது செய்ய முடியாத காரியமல்ல, கூடுதல் வேலை மட்டுமே. அந்த வேலையை யாருக்காகச் செய்தார்கள், யாருக்காகச் செய்யாமல் விட்டார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

ஈயம், அரிதாரம், மஞ்சள்

முகப்பூச்சின் பழைய கதை விஷத்தின் கதையும்கூட. ஐரோப்பியச் சீமாட்டிகள் பல நூற்றாண்டுகள் ஈய வெள்ளையைப் பூசிக்கொண்டார்கள். வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாத உடம்பு என்பதைக் காட்டும் வெள்ளை அது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேரழகியாகக் கொண்டாடப்பட்ட மரியா கன்னிங் 1760இல் தமது 27ஆவது வயதில் இறந்தபோது ஈயப் பூச்சுதான் காரணம் என்று பேசப்பட்டது.

நம் மொழியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. மேடை ஒப்பனையை ‘அரிதாரம்’ என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். கூத்தரும் நாடகக்காரரும் அதை முகத்தில் பூசியதால் பொருளின் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது.

வீட்டுப் பெண்களுக்கு நிறம் கொடுத்த பூச்சு மஞ்சள். அது அழகுக்காக மட்டும் இருந்ததில்லை. வயதுக்கு வந்தவள், கட்டுக்கழுத்தி, கைம்பெண் என்று ஒருத்தி இருக்கும் நிலையை முகத்திலேயே எழுதிக் காட்டியது. கணவன் இறந்ததும் மஞ்சளைப் பறித்தார்கள். முகத்தில் எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்பதைப் பெண் தானே முடிவு செய்ததில்லை என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

ஸ்னோ போட்டு, பவுடர் போட்டு

‘ஃபவுண்டேஷன்’ என்றால் அடித்தளம். எதற்கு அடித்தளம்? பவுடருக்கு. இன்றைய புட்டியைப் பார்க்கிறவர்களுக்கு இது மறந்துபோயிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலத்தைக் கொண்டு, தேய்த்தவுடன் தோலில் மறைந்துவிடும் க்ரீம்கள் வந்தன. லண்டனின் பர்ரோஸ் வெல்கம் கம்பெனி 1892இல் கொண்டுவந்த ஹேஸலின் ஸ்னோ அவற்றில் ஒன்று. காய்ந்த முகத்தில் பவுடர் நிற்காது. முதலில் இந்த க்ரீம், அதன்மேல் பவுடர். அடியில் போடுவதால் அதற்கு ஃபவுண்டேஷன் க்ரீம் என்று பெயர் வந்தது. அதற்கு நிறம் கிடையாது.

நம் பாட்டிமார் ‘ஸ்னோ, பவுடர்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வதை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த ஜோடிச் சொல்லுக்குள் ஃபவுண்டேஷனின் வரலாறு அப்படியே இருக்கிறது. 1919இல் பம்பாயில் ஈ. எஸ். பாட்டன்வாலா ஆஃப்கன் ஸ்னோவைத் தொடங்கினார். இந்தியர் ஒருவர் இந்தியப் பெண்களுக்காகச் செய்த க்ரீம்; அதற்கும் வைத்த பெயர் பனி.

நிறம் இருந்தது மேலே போடும் பவுடரில். அக்காலப் பவுடர் டப்பாக்களில் வழக்கமாக இருந்த ஷேடுகள் ஒயிட், ஃப்ளெஷ், ரேச்சல் போன்றவை. வெள்ளை, சதை நிறம், கொஞ்சம் மஞ்சள் கலந்த பாலேட்டு நிறம். ‘சதை நிறம்’ என்று அச்சடித்தபோது அது இளஞ்சிவப்பு வெள்ளைத் தோலைத்தான் குறிக்கும் என்று விளக்க யாரும் சிரமப்படவில்லை. பிள்ளைகள் வரையும் க்ரேயோலா வண்ணக்குச்சியிலும் அதே பெயர்தான் இருந்தது. 1962இல்தான் அதை ‘பீச்’ என்று மாற்றினார்கள்.

1920களிலும் 30களிலும் அடியில் போடும் க்ரீமிலேயே கொஞ்சம் நிறம் கலந்து விற்கத் தொடங்கினார்கள். ஈரம் தரும் க்ரீமில் லேசான நிறம். இன்று புதுச் சரக்காக விற்கப்படும் டின்டட் மாய்ஸ்சரைசருக்கு அதுதான் பாட்டி. முகத்தை முழுவதும் மூடும் ஃபவுண்டேஷன் வீட்டுக்குள் வந்தது அதற்கும் பிறகு, வேறொரு வாசல் வழியாக.

கேமராவின் கண்

அந்த வாசல் சினிமா. ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதனால் இரத்த ஓட்டம் தெரியும் வெள்ளையர் முகம்கூடத் திரையில் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. நாடகத்துக்கான கெட்டிப் பூச்சை அருகில் நின்று படமெடுத்தால் வெடிப்பு தெரியும். போலந்தில் பிறந்து 1904இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர் என்ற ஒப்பனைக் கலைஞர் 1914இல் சினிமாவுக்கென்று மெல்லிய குழைவான பூச்சை 12 ஷேடுகளில் செய்தார். ஃபிலிம் மாறியபோது பூச்சும் மாறியது. டெக்னிகலர் வந்ததும் பழைய பூச்சின் பளபளப்பு சுற்றியிருக்கும் நிறங்களையெல்லாம் முகத்தில் பிரதிபலித்தது. அதற்காக, ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசும் பேன்கேக்கை அவரது கம்பெனி உருவாக்கியது. 1937இல் வெளியான ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படத்தில் அது பயன்பட்டது. நடிகைகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டே கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதாவது முழுப்பூச்சு ஃபவுண்டேஷன் தோலின் தேவையிலிருந்து பிறக்கவில்லை. கேமராவின் குறையைச் சரிக்கட்டப் பிறந்து, பிறகு பெண்களின் பையில் புகுந்தது.

பேன்கேக் சென்னைக்கும் வந்தது. 1950களிலும் 60களிலும் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் அங்கே அது லாரி லாரியாக வாங்கப்பட்டதை எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அவர் தரும் ஒரு தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நாயகன் நாயகிக்குத் தலைமை ஒப்பனையாளர் பூசுவார். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு ஆபீஸ் பையன் ஒரு பெரிய பாத்திரத்தில் கலந்து வரிசையாக அப்பிவிடுவான். விதவிதமான தமிழ் முகங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பாத்திரம். அரங்கேற்ற மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் அந்தப் பாத்திரம் பல தலைமுறைக்கு நம்மைத் தொடர்ந்து வந்தது.

ஹாலிவுட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடகி லீனா ஹார்ன் 1942இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒப்பந்தமான கறுப்பினப் பெண். கறுப்பினப் பெண்ணாகத் திரையில் ‘போதுமான அளவு’ தெரியவில்லை என்று அவருக்கென்று ‘லைட் ஈஜிப்ஷியன்’ என்ற ஷேடை மேக்ஸ் ஃபேக்டர் கம்பெனியைக் கொண்டு செய்வித்தார்கள். அந்த ஷேடைப் பிறகு வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, கலப்பினப் பாத்திரங்களை அவர்களுக்கே கொடுத்தார்கள் என்று ஹார்ன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அவர் விரும்பிய ‘ஷோ போட்’ படத்தின் ஜூலி வேடம் 1951இல் ஆவா கார்ட்னருக்குப் போனது. ஷேடு தயாராக இருந்தது. அந்தத் தோலுக்குரியவளுக்கு வாய்ப்பு மட்டும் இல்லை.

புகைப்பட ஃபிலிமும் இதே வழியில்தான் போனது. கோடாக் கம்பெனி நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்கள் சரியாகப் பதிவதில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே அதில் மாற்றம் வந்தது என்பதை லோர்னா ராத் என்ற ஆய்வாளர் பதிவுசெய்திருக்கிறார். கறுத்த மனிதர்களின் முகத்தைவிட மேசை நாற்காலிக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

என் கல்யாண ஆல்பத்தில் முகம் ஒரு நிறம், கழுத்தும் கைகளும் வேறு நிறம். “போட்டோல நல்லா வரணும்ல” என்றுதான் பார்லர் பெண் இரண்டு ஷேடு தூக்கிப் போட்டார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேமராவுக்காகத் தோலை மாற்றும் ஒரு நீண்ட பழக்கத்தின் கடைசிக் கண்ணியாக அன்று அவர் இருந்தார்.

மறைக்கும் உரிமை

இந்த இடத்தில் ஃபவுண்டேஷனே பெண்ணுக்கு எதிரானது என்று முடித்துவிட்டால் பாதிப் பெண்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அமெரிக்காவின் லிடியா ஓலியரிக்கு முகத்தில் பிறவியிலேயே பெரிய சிவந்த மறு இருந்தது. கடைகளில் வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேதியியல் படித்திருந்த அவர் மறுவை முழுவதும் மறைக்கும் பூச்சைத் தாமே செய்து 1928இல் கவர்மார்க் என்ற பெயரில் தொழில் தொடங்கினார். 1932இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தீக்காயம் பட்டவர்களுக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் அத்தகைய பூச்சு இன்றும் துணையாக இருக்கிறது.

‘உள்ளழகே அழகு’ என்று சொல்லும் உரிமை, தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத முகம் உள்ளவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைப் பார்த்து வாழும் பெண்ணிடம் அதைச் சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. மறைப்பதும் அவளுடைய முடிவு, மறைக்காமல் நடப்பதும் அவளுடைய முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க முதலில் அவள் நிறத்துக்கு ஒரு ஷேடு இருக்க வேண்டும்.

அங்கே ஷேடு, இங்கே க்ரீம்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதை வெகு முன்பே உணர்ந்தார்கள். ஆந்தனி ஓவர்ட்டன் 1898இல் தொடங்கிய கம்பெனி ‘ஹை பிரவுன்’ என்ற முகப் பவுடரை விற்றது. பவுடர் டப்பாவில் ‘பிரவுன்’ என்ற சொல்லைப் பெருமையாக அச்சடித்ததே அன்று ஒரு செய்தி. 1958 முதல் எபனி பத்திரிகைக் குழுமம் நடத்திய ஃபேஷன் ஷோக்களில் கறுப்பின மாடல்கள் தங்கள் நிறத்துக்கு ஷேடு கிடைக்காமல் இரண்டு மூன்று ஃபவுண்டேஷனைக் கையிலேயே குழைத்துப் போட்டுக்கொள்வதை யூனிஸ் ஜான்சன் பார்த்தார். இருக்கும் கம்பெனிகளிடம் கேட்டுப் பார்த்துப் பயனில்லாமல், 1973இல் ஃபேஷன் ஃபேர் என்று சொந்தமாகவே தொடங்கினார். சோமாலியாவில் பிறந்த மாடல் இமான் 1994இல் அதே வேலையைச் செய்தார். 2017இல் பாடகி ரியானா ஃபென்டி பியூட்டியை ஒரே நாளில் 40 ஷேடுகளோடு இறக்கியபோது, கறுத்த ஷேடுகள் கடைகளில் தீர்ந்துபோயின. கறுத்த தோலுக்குச் சந்தை இல்லை என்று அதுவரை சொல்லிவந்த கம்பெனிகள் அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டின.

இந்தியாவில் என்ன நடந்தது? 1952இல் டாடா நிறுவனம் லாக்மேயைத் தொடங்கியது. பிரெஞ்சு ஆப்பெரா ஒன்றில் வரும் இந்தியப் பெண்ணின் பெயர். லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு உச்சரிப்பு. வெளிநாட்டுச் சரக்கை நம்பியிராமல் உள்ளூரிலேயே அழகுசாதனம் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் 1990களில் நான் கல்லூரியில் படித்த ஊரின் ஃபேன்சி ஸ்டோரில் ஃபவுண்டேஷன் என்று கேட்டால் இரண்டு மூன்று ஷேடுதான் எடுத்துப் போடுவார்கள். எதுவும் என் முகத்தோடு சேராது. “இதான் எல்லாரும் வாங்கறது” என்பார் கடைக்காரர்.

அதே கடையில் கண்ணுக்கு நேராகச் சரம் சரமாகத் தொங்கியது வேறொன்று. 1975இல் ஹிந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1973இல் சிகாகோவில் ஒரு பெண் தோலுக்கேற்ற ஷேடைச் செய்கிறார். இரண்டே ஆண்டு கழித்து இங்கே ஷேடுக்கேற்ற தோலை வாக்குறுதியாக விற்கிறார்கள். பத்து ஷேடு செய்வதைவிட, எல்லாரையும் ஒரே நிறத்தை நோக்கி நடக்கச் சொல்வது லாபம். அந்த நடைக்கு முடிவே இல்லாததால் டியூப் தீரத் தீர மறுபடி வாங்குவோம்.

அந்த ஆசையைக் கம்பெனி மட்டும் உண்டாக்கிவிடவில்லை. ‘நல்ல சிவப்பு’ என்றால் வெளுப்பு என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. பெண் பார்க்கப் போய்வந்தவர்களிடம் வீட்டில் முதலில் கேட்பது “பொண்ணு கலரா?” என்று. கறுப்பு என்று சொல்லச் சங்கடப்பட்டு ‘மாநிறம்’ என்கிறோம். நிறத்துக்குப் பின்னால் சாதியும் வரதட்சிணையும் நிற்பதை எல்லாரும் அறிவோம். சந்தை அந்த நோயைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு விலை வைத்தது.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. நிறத்தைக் காட்டி வேலையும் மதிப்பும் கிடைப்பதாகச் சொன்ன ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்களுக்கு எதிராக அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002 முதல் புகார் கொடுத்துப் போராடியது. 2003இல் அவை நிறுத்தப்பட்டன. 2009இல் சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் புறப்பட்டது. 2020இல் க்ரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரில் வெளுப்பு போய் ஒளி வந்தது. அந்த ஒளி எந்த நிறம் என்று கேட்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது. இதற்கு நடுவே மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு க்ரீமை வாங்கி முகத்தில் தடவி, தோல் மெலிந்து சிவந்து, பிறகு அதை மறைக்க ஃபவுண்டேஷன் தேடிய பெண்கள் எத்தனை பேர். 2018இல்தான் அப்படிப்பட்ட 14 க்ரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது.

‘இயற்கை’ முகத்தின் விலை

இப்போது காற்று டின்டட் மாய்ஸ்சரைசர் பக்கம் வீசுகிறது. 1960களில் ஜெர்மனியின் கிறிஸ்டின் ஷ்ராமெக் சிகிச்சைக்குப் பிறகு சிவந்திருக்கும் தோலுக்காகச் செய்த ‘பிளெமிஷ் பாம்’ கொரியாவுக்குப் போய், அங்கிருந்து பிபி க்ரீமாக 2010களில் உலகம் சுற்றியது. மேக்கப் போட்டது தெரியாத மேக்கப்தான் இன்றைய நாகரிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லேசான பூச்சு ‘எல்லாத் தோலோடும் கலந்துவிடும்’ என்று சொல்லி மிகக் குறைவான ஷேடுகளில் விற்பது வழக்கமாகிவிட்டது. கொரிய பிபி க்ரீம்கள் பல இரண்டு மூன்று வெளிர் ஷேடுகளிலேயே வந்தன. அதோடு இவற்றில் பலவற்றில் வெயில் காப்புக்காகச் சிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும். இரண்டும் வெள்ளை. நிறப்பொடி குறைவு, வெள்ளை அதிகம் என்றால் கறுத்த முகத்தில் திருநீறு தூவியதுபோல் நிற்கும். மேக்கப் போடாததுபோல் தெரிவது யாருக்கு எளிதோ அவர்களுக்காகத்தான் அந்த ‘இயற்கை’யும் செய்யப்பட்டது.

தோலை அளக்கும் அறிவியலும் இதற்கு விலக்கல்ல. தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானபோது, சிகிச்சைக்கான புறஊதாக் கதிரின் அளவைக் கணிக்க வெள்ளைத் தோலையே நான்கு வகையாகப் பிரித்தது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னால் சேர்க்கப்பட்டன. உலகின் பெரும்பான்மைத் தோல் பின்னிணைப்பாக வந்து சேர்ந்தது.

ஆனால் நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் இருக்கிறது. மங்கையும் கரும்படலத்தையும் கூட்டுவது புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான் என்று அண்மைக்காலத் தோல் மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தப் பாதிப்பு வெளிர் தோலைவிடக் கறுத்த தோலில் அதிகம். எஸ்பிஎஃப் எண் இதை அளப்பதில்லை. நிறமில்லாத சன்ஸ்க்ரீன் இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது ஷேடுக்காகச் சேர்க்கும் அதே மஞ்சளும் சிவப்பும் கறுப்பும். ஆக, நமக்கேற்ற ஷேடு இல்லாமல் போவது அலங்காரக் குறை மட்டுமல்ல. மங்கு அதிகம் வரும் தோலுக்கு, அதைக் காக்கக்கூடிய பொருள் கிடைக்காமல் போவதும்கூட.

எதை வாங்குவது?

சரி, மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் எதையாவது மறைக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்பதும் முழுமையான பதில்தான். அன்றாட வெயிலில் போய்வருகிறவர்கள், மங்கு உள்ளவர்கள், நிறம் கலந்த சன்ஸ்க்ரீனையோ டின்டட் மாய்ஸ்சரைசரையோ தேர்ந்தெடுக்கலாம். அட்டையின் பின்னால் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். அவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். 77891 என்பது வெள்ளைப் பொடி. மேக்கப்பில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காப்பு கிடைக்குமளவுக்கு யாரும் அதைக் கனமாகப் பூசுவதில்லை. அடியில் தனியாக சன்ஸ்க்ரீன் போடுவது நல்லது.

தழும்பை மறைக்க வேண்டுமானால் முகம் முழுக்க ஃபவுண்டேஷன் தேவையில்லை. லேசான பூச்சின் மேல், மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஃபவுண்டேஷனைத் தொட்டுவைத்தால் போதும். முழு நாள் மேடையிலோ மணவறையிலோ விளக்குக்கு முன் நிற்க வேண்டியிருந்தால் முழுப் பூச்சும் போடலாம். எதுவானாலும் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரத்தில் கழுத்தை ஒட்டித் தடவி, கடையின் விளக்கைவிட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில பூச்சுகள் சிறிது நேரத்தில் கறுக்கும், கால் மணி நேரம் பொறுங்கள். சாம்பல் பூத்தால் அது உங்கள் ஷேடு அல்ல. இரண்டு ஷேடைக் குழைத்தால் பொருந்துகிறது என்றால் குழைத்துக்கொள்ளுங்கள். எபனி மேடையின் மாடல்கள் அப்படித்தான் செய்தார்கள்.

வாங்குவதோடு முடிவதில்லை. என் முன்னாள் மாணவி ஒருத்தியிடம் வரவேற்பறை வேலையில் “கொஞ்சம் ஃபவுண்டேஷன் போட்டு பளிச்சுனு வாங்க” என்றார்கள். முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கிய புட்டி அவளை வெளுக்கக் காட்டியது. அதைத்தான் அவர்கள் கேட்டதும். அவளுடைய நிறத்துக்குச் சரியான ஷேடைப் போட்டிருந்தால் அவர்கள் எதிர்பார்த்த ‘பளிச்’ வந்திருக்காது. புட்டியில் ஷேடு வந்தால் மட்டும் தீராத சண்டை இது. வேலை கொடுப்பவரோடும் பெண் பார்க்க வருபவரோடும் வீட்டுப் பெரியவர்களோடும் போட வேண்டிய சண்டை.

ஆனால் கடைக்குப் போகும் பெண் இவ்வளவையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். “உங்க கலருக்கு இதுல வராதுங்க” என்று கடைக்காரர் சொன்னால், குறை அந்தப் புட்டியில். அதைச் செய்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. “அப்போ என் கலர்ல வர்றதை வரவழைங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நூறு பேர் அப்படிச் சொன்ன பிறகுதான் எந்த ஊர்க் கடையிலும் நான்காவது ஷேடு வந்திருக்கிறது.